போர்ட்டிகோவுக்கு என்ன லைட்டு போடலாம்?

— இறுதியாண்டு மாணவர், மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு



மின்னியல் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து நம்மில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். சொந்தத்தில் யாராவது வீடு கட்டுவார்கள். கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ நம்மைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "நீ கரண்டு படிப்புதானே தம்பி படிக்கிற? போர்ட்டிகோ சீலிங்குல பதிக்கிற மாதிரி லைட்டு போடணும். எது நல்லாயிருக்கும்?" இண்டக்ஷன் மோட்டாரின் ஸ்லிப் பற்றிக் கேட்டால் போர்டில் எழுதியே காட்டிவிடுவோம். இந்தக் கேள்விக்கு மட்டும் "நல்ல கம்பெனியா பார்த்து வாங்குங்க மாமா" என்று சொல்லி நழுவிவிடுவோம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் பக்கத்தில் நான் சொல்லும் பதிலை யாரும் சரிபார்ப்பதில்லை. "படிச்ச புள்ள சொல்லிருச்சு" என்று அப்படியே வாங்கிவந்து மாட்டிவிடுவார்கள். பதில் தவறானால் அவர்கள் பணம் வீணாகும். சில சமயம் பணத்தோடு நிற்காது, உயிருக்கே வந்துவிடும். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்ன என்று விடுமுறை நாட்களில் ஒரு வயர்மேன் அண்ணனோடு வேலைக்குப் போய்க் கற்றதையும், வகுப்பில் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையில் தருகிறேன்.

கூரைக்கு அடியில், ஆனால் வெளியே

கார் நிறுத்தும் போர்ட்டிகோவின் அடித்தளம், சன்ஷேடின் அடிப்பக்கம், மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தின் அடிப்பக்கம் ஆகிய மூன்றையும்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இவற்றில் பதிக்கும் விளக்கை டவுன்லைட் என்றும், கன்சீல்டு லைட் என்றும், ஜங்ஷன் பாக்ஸ் லைட் என்றும் கடைக்குக் கடை ஒரு பெயரில் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ஏமாறுவதற்குக் காரணம் ஒன்றுதான். தலைக்கு மேல் தளம் இருக்கிறதே, மழை எங்கே படப்போகிறது என்று நினைத்து ஹாலுக்கு வாங்கிய விளக்கையே இரண்டு கூடுதலாக வாங்கி வெளியேயும் பதித்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் ஒன்று மினுக்கும், இன்னொன்று மங்கும், மூன்றாவதின் கண்ணாடிக்குள் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்.

இதைப் பற்றி அப்பாவிடம் கேட்டபோது அவர் சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காதது. "தண்ணி மேல இருந்து மட்டுமா வரும்? தளத்து விளிம்புல இறங்கி, அடியில ஒட்டிக்கிட்டே உள்ள நடந்து வரும்." அதனால்தான் சன்ஷேடு பூசும்போது அடிப்பக்கம் ஓரத்தை ஒட்டி, விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் விடுகிறார்கள். ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பரப்பு இழுவிசை என்று நாம் முதலாண்டு இயற்பியலில் படித்தது இதுதான்.

ஆகவே விளக்கு எந்தக் காலத்திலும் அந்தப் பள்ளத்துக்கு உள்பக்கம்தான் வரவேண்டும். பள்ளமே இல்லாத பழைய சன்ஷேடாக இருந்தால் முதலில் அதற்கு வழி செய்துவிட்டுத்தான் விளக்கைப் பற்றிப் பேசவேண்டும்.

பெட்டியில் இருக்கும் இரண்டு இலக்கம்

விளக்குப் பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஐ.இ.சி. 60529 என்ற தர அளவுப்படி முதல் இலக்கம் தூசி, பூச்சி போன்ற திடப்பொருள்களுக்கும், இரண்டாவது தண்ணீருக்கும் உரியது. நமக்கு வேண்டியவை மூன்றே மூன்று:

ஐ.பி. 20 — விரல் உள்ளே போகாது, அவ்வளவுதான். தண்ணீருக்குப் பாதுகாப்பு பூஜ்யம். ஹாலுக்கு வாங்கும் விளக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை.

ஐ.பி. 44 — 1 மி.மீ. கம்பி உள்ளே போகாது. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும்.

ஐ.பி. 65 — தூசி அறவே புகாது. 6.3 மி.மீ. குழல்வாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சினாலும் தாங்கும் என்று சோதித்தது.

போர்ட்டிகோவின் உள்மையத்தில், மூன்று பக்கம் சுவர் இருந்தால், ஐ.பி. 44 போதும். திறந்த ஓரத்திலிருந்து மூன்று நான்கு அடிக்குள் வரும் விளக்குக்கும், சன்ஷேடு விளக்குக்கும் ஐ.பி. 65-க்குக் குறைந்து வாங்கக்கூடாது. தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கும் சாரலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாரல் மேலிருந்து விழுவதில்லை, காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து தளத்தின் அடியைத் தடவிவிட்டுப் போகும். வண்டி கழுவும்போது குழாய்த் தண்ணீர் கீழிருந்து மேலே அடிப்பதும் உண்டு.

அமெரிக்க விளக்குகளில் ஐ.பி. எண்ணுக்குப் பதில் "டேம்ப்" அல்லது "வெட்" என்று போட்டிருக்கும். டேம்ப் என்றால் ஈரக்காற்று படலாம், நேரே நனையக்கூடாது. வெட் என்றால் நனையலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அன்போடு கொண்டுவந்த விளக்காக இருந்தால் வோல்டேஜையும் பாருங்கள். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் ஒரே நொடியில் முடிந்துவிடும்.

முன்பக்கம் 65, பின்பக்கம்?

பதிக்கும் விளக்குகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில விளக்குகளுக்கு அந்த ஐ.பி. எண் வெளியே தெரியும் முகத்துக்கு மட்டுமே. சீலிங்குக்கு மேலே மறைந்திருக்கும் பின்பகுதி ஐ.பி. 20 ஆகவே இருக்கும். டிரைவர் எனப்படும் சிறு மின்னணுப் பெட்டி தனியாக வயரில் தொங்கும், அதற்கு இன்னொரு எண். ஆகவே மூன்றையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்: முகம் எத்தனை? முதுகு எத்தனை? டிரைவர் எத்தனை?

முதுகில் எப்படித் தண்ணீர் வரும் என்று கேட்கலாம். மொட்டைமாடியில் கசிவு இருந்தால் தளத்துக்குள் பதித்த பைப்பே தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். மேலே எங்கோ ஒரு விரிசலில் இறங்கும் நீர், பைப் வழியாக வந்து விளக்கின் தலையில் கொட்டும். முகத்தில் இருக்கும் ரப்பர் வாஷர் அதற்கு ஒன்றும் செய்யாது. கசிவை அடைக்காமல் விளக்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இன்னொரு வழி, விளக்கு மூச்சு விடுவது! எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, வெளியே இருக்கும் ஈரக்காற்றை இண்டு இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். தினமும் ஒரு மூச்சு. பல நாளில் கண்ணாடிக்குள் வியர்வை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். வயர் நுழையும் இடத்தில் சரியான கிளாண்டு இல்லாத விளக்குகளில் இது சீக்கிரம் நடக்கும்.

வயர் ஜாயின்ட்டும் முக்கியம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் வெளியிடத்துக்கு ஆகாது. வெயில் சூட்டில் பசை இளகும், ஈரத்தில் பிரியும். மூடி இறுகும் வாட்டர்புரூஃப் கனெக்டர் போடவேண்டும். விளக்குக்குள் நுழையும் முன் வயரைக் கொஞ்சம் தாழ்வாக வளைத்து விட்டால், வயர் மேல் ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத பாதுகாப்பு!

சூடு என்ற சத்தமில்லாத எதிரி

எல்.இ.டி. சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். 50 வாட் ஹாலஜனோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வெளிச்சமாகிறது, மீதி சூடுதான். அந்தச் சூடு முதுகுப் பக்கம் இருக்கும் அலுமினியம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை கதகதவென்று இருக்கும். அதற்குள்தான் நம் விளக்கும் எரிகிறது.

டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒரு பொதுவிதி உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். பெட்டியில் அச்சிட்ட ஆயுள் மணிக்கணக்கு, சொன்ன வெப்பத்துக்குள் வைத்திருந்தால்தான். டிரைவர் லேபிளில் "டி.ஏ." என்று ஓர் எண் இருக்கும். சுற்றுப்புற வெப்பம் எவ்வளவு வரை தாங்கும் என்பது அது. நம் ஊர் வெயிலுக்கு 45 அல்லது 50 என்று போட்டதைப் பார்த்து வாங்கவேண்டும்.

இதனால் ஆழம் முக்கியமாகிறது. கான்கிரீட்டில் பதித்த பெட்டியாக இருந்தால் அதன் உள் ஆழத்தையும் விட்டத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். விளக்கின் உயரம் பெட்டியின் ஆழத்துக்கே சமமாக இருந்தால் வயர் மடங்கி நசுங்கும், காற்றுக்கு இடம் இருக்காது. ஃபால்ஸ் சீலிங்காக இருந்தால் பலகை என்ன என்று பாருங்கள். ஜிப்சம் பலகை ஈரத்தை உறிஞ்சித் தொங்கிவிடும், வெளியிடத்துக்கு வேண்டாம். சிமென்ட் பலகை உத்தமம். பி.வி.சி. பலகை தண்ணீருக்குப் பயப்படாது, ஆனால் 80 டிகிரி அளவில் இளகும் பொருள். அதில் அதிக வாட் விளக்கைப் பதித்தால் ஓட்டையைச் சுற்றிப் பலகை நெளியும். அதில் சிறு வாட் விளக்குகளை எண்ணிக்கை கூட்டிப் போடுவதே நல்லது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

நான் கூடப்போகும் அண்ணன், ஒரு வீட்டில் மழைக்கு மறுநாள் போர்ட்டிகோ விளக்கு மினுக்குகிறது என்று பார்க்க ஏணியில் ஏறினார். விளக்கின் உலோக வளையத்தைத் தொட்டதும் உதறியது. உதறலில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து, இரண்டு மாதம் வேலை இல்லை. தினக்கூலிக்காரருக்கு இரண்டு மாதம் என்பது என்ன என்று எங்கள் மாதிரி வீடுகளில் கேட்டால் தெரியும். அந்த விளக்கைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஈரம். எர்த் வயர் எந்த விளக்குக்கும் கொண்டுவரப்படவே இல்லை.

"எம்.சி.பி. இருந்ததே, ஏன் விழவில்லை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அதற்குரிய கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். ஈரமான உடலின் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். ஒரு மனிதனைக் கொல்ல இது தாராளம். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்கோ ஒரு 50 வாட் பல்பு எரிகிறது என்றுதான் அது நினைத்துக்கொள்ளும்! எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும்.

ஆகவே வெளிவிளக்கு சர்க்யூட்டில் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்கக்கூடாது.

ஒன்று, ஆர்.சி.சி.பி. இருக்கவேண்டும், அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவேண்டும்.

இரண்டு, உலோக உடம்புள்ள விளக்குக்குப் பச்சை வயர் கண்டிப்பாகப் போகவேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் மட்டுமே அது இரட்டை இன்சுலேஷன் வகை, எர்த் தேவையில்லாதது.

மூன்று, ஸ்விட்ச் பேஸில்தான் வரவேண்டும். நியூட்ரலில் போட்டால் விளக்கு அணைந்திருக்கும், வயரில் கரண்டு இருக்கும்.

மலிவு விளக்குகள் சிலவற்றில் தனி டிரைவரே இருக்காது. மெயின் சப்ளை நேரே எல்.இ.டி. தகட்டுக்கு வரும். உள்ளே இத்தனை மெல்லிய ஒரு தாள் தடிமனில்தான் கரண்டுக்கும் உலோக உடம்புக்கும் இடைவெளி. அந்த வகையை ஈரம் வரும் இடத்துக்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வேலை முடிந்ததும் டிரைவர்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் வயரிங்கைச் சோதிக்கவேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ பிழை இருக்கிறது.

எவ்வளவு வெளிச்சம், எங்கே?

இப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறோம். கடையில் முதலில் கேட்கும் "எத்தனை வாட்?" என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் வரவேண்டும். அதுவும் வாட் அல்ல, லூமென்.

போர்ட்டிகோ 10 அடிக்கு 18 அடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது 3 மீட்டருக்கு 5.5 மீட்டர், பரப்பு 16.5 சதுர மீட்டர். வாட்டுக்கு 90 லூமென் தரும் 6 வாட் விளக்கு 540 லூமென் கொடுக்கும். நான்கு விளக்குக்கு 2160. சுவரும் தூசியும் தின்றதுபோக பாதி தரைக்கு வந்தால் 1080. அதைப் பரப்பால் வகுத்தால் சுமார் 65 லக்ஸ். வண்டியை விடவும் பூட்டுக்குச் சாவி போடவும் இது போதும். தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 3.6 யூனிட்தான். இதே இடத்தில் நான்கு 50 வாட் ஹாலஜன் இருந்தால் மாதம் 30 யூனிட்!

அடுத்தது ஒளிக்கற்றையின் கோணம். தரையில் விழும் வட்டத்தின் விட்டம் = 2 × உயரம் × டேன் (கோணத்தில் பாதி). 3 மீட்டர் உயரத்தில் 24 டிகிரி விளக்கு 1.3 மீட்டர் வட்டமும், 36 டிகிரி 1.95 மீட்டரும், 60 டிகிரி 3.46 மீட்டரும் தரும். 24 டிகிரி தூணை அழகு காட்டத்தான் ஆகும். நடக்கும் இடத்துக்கு 60 டிகிரி அளவே சரி. 120 டிகிரி என்றால் வெளிச்சம் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் போகும், வாசலில் நிற்பவர் கண்ணும் கூசும்.

இடம் குறிக்கும்போது காரை மறந்துவிடுகிறார்கள். நடுவில் வரிசையாகப் பதித்தால் காரின் மண்டைதான் பளபளக்கும். கதவு திறந்து கால் வைக்கும் இடம் இருட்டாகவே இருக்கும். பாம்பு, தேள் உலாவும் ஊர்களில் அந்த இருட்டுதான் பயம். நான்கு விளக்கில் இரண்டை இடப்பக்கம், இரண்டை வலப்பக்கம், கார்க் கதவுகளுக்கு நேராகப் பிரித்துப் போடவேண்டும்.

நிறம், பூச்சி, துரு

6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். ஆனால் நீலம் கூடிய வெளிச்சத்துக்குத்தான் பூச்சிகள் அதிகம் வரும். முதல் மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பும்போது பார்த்தால் தெரியும். பூச்சியைத் தேடிப் பல்லி வரும், பல்லி எச்சம் கண்ணாடியில் விழும், இடுக்கு இருந்தால் உள்ளேயே குடித்தனம் வைக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் வெளியிடத்துக்கு நல்லது. பூச்சி முழுவதும் நிற்காது, குறையும்.

கடலோர ஊர்க்காரர்கள் வளையத்தையும் திருகாணியையும் பார்க்கவேண்டும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமோ, நல்ல பிளாஸ்டிக்கோ பரவாயில்லை. மெல்லிய இரும்புத் தகட்டில் முலாம் பூசியதும், இரும்பு ஸ்பிரிங்கும் உப்புக்காற்றில் துருத்தே தீரும். ஸ்பிரிங் அறுந்தால் விளக்கு காரின் மேலோ தலையின் மேலோ விழும்.

கடைக்குப் போகுமுன் துண்டுச்சீட்டில் எழுதவேண்டியவை

1. விளக்கு வரும் இடம் திறந்த ஓரத்திலிருந்து எத்தனை அடி?
2. மேலே கசிவு உண்டா? அடியில் நீர் சொட்டும் பள்ளம் உண்டா?
3. பெட்டியின் விட்டம், ஆழம் எத்தனை மி.மீ.? சீலிங் பலகை என்ன?
4. எர்த் வயர், ஆர்.சி.சி.பி. இருக்கின்றனவா?
5. தரையிலிருந்து உயரம் எவ்வளவு? வண்டி எங்கே நிற்கும்?

கடையில் பார்க்கவேண்டியவை: முகம், முதுகு, டிரைவர் மூன்றுக்கும் ஐ.பி. எண். டி.ஏ. எண். லூமென், கோணம், கெல்வின். அதோடு பி.ஐ.எஸ். பதிவு எண். அது "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும். போனில் இருக்கும் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மையா பொய்யா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நண்பர்களே, இந்தக் கேள்வி நம்மிடம் வருவது பெரும்பாலும் பெயின்ட் அடிக்கும் சமயத்தில்தான். ஆனால் பாதி பதில் சென்ட்ரிங் அடிக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பெட்டி எங்கே, எவ்வளவு ஆழம், பைப்போடு பச்சை வயர் வருமா என்பதையெல்லாம் கான்கிரீட் போட்டபிறகு மாற்ற முடியாது. கொத்தனார் தன் வேலையைப் பார்க்கிறார், வயர்மேன் தன் வேலையைப் பார்க்கிறார், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேர் பாஷையும் தெரிந்த ஆள் நடுவில் ஒருவர் வேண்டும். என்னைப்போல் கொத்தனார், சித்தாள், வயர்மேன் வீடுகளிலிருந்து வந்து இந்த வளாகத்தில் படிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

அடுத்த காதுகுத்தில் மாமா கேட்டால் நழுவாதீர்கள். "தளம் போட்டாச்சா மாமா? வாங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.